பானைக்குப் போட்ட தோல்

அந்தச் சாமான் பெட்டியிலிருந்து வெளியே வந்தபோதே றிஸ்மியாவுக்கு ஓங்காளம் வந்தது. பாம்பு உரித்துப் போட்ட சட்டையைத் தண்ணீரில் ஊறவைத்தால் எப்படியிருக்கும், அப்படியிருந்தது.

கொழும்பிலிருந்து உப்பளத்துக்கு வந்திருந்த கம்பனிப் பொறியியலாளர் றொமேஷ் சேர் அதை இரண்டு விரலால் இழுத்துக் காட்டினார்.

"மனிசத் தோலைப் பாத்துத்தான் இதைச் செஞ்சிருக்கு. இழுத்தா நீளும், விட்டாச் சுருங்கும். வேர்வையையும் சூட்டையும் அளந்து என்ர போனுக்கு அனுப்பும்."

"எங்களுக்குத்தான் ஏற்கெனவே ஒண்டு ஈக்குதே சேர்," என்றான் ஜவ்பர், உப்பு வாரும் பலகையில் நாடியை ஊன்றிக்கொண்டு.

"அது போனுக்கு ஒண்டும் அனுப்பாதே."

விஷயம் இவ்வளவுதான். வெயில் உச்சிக்கு வந்தால் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை கொட்டிலுக்குள் ஒதுங்குவது உப்பளத்து வழக்கம். அந்த ஓய்வு தேவைதானா என்று கம்பனிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகத்தைத் தீர்க்க விஞ்ஞானம் வந்தது. ஒரு மாதம் எல்லோரும் இந்தத் தோலை ஒட்டிக்கொள்ள வேண்டும். மத்தியானத்தில் உடம்பு கொதித்தால் ஓய்வு இருக்கும், இல்லாவிட்டால் போகும். போன வருடம் தலைசுற்றிப் பாத்திக்குள் குப்புற விழுந்தவள் றிஸ்மியா. அந்த ஓய்வு போனால் அடுத்தமுறை தான் எழும்பப்போவதில்லை என்பது அவளுக்கு நிச்சயம். ஆகவே அரியண்டத்தை விழுங்கிக்கொண்டு கையை நீட்டினாள்.

ஒட்டிய நாளிலிருந்து கரைச்சல். தோலுக்கடியில் வேர்வை தேங்கியது. கையை மடித்தால் பிசுக் பிசுக்கென்றது. உரித்துப் பார்த்தால் சொந்தத் தோல் தண்ணீரில் விழுந்த பாண் ரொட்டிபோல வெளிறி ஊதிக் கிடந்தது. கருவாடு கழுவிய தண்ணீரின் நாற்றம் வேறு.

உரிக்காமல் இருக்கவும் முடியாது. மத்தியான ளுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்கும்போது முழங்கைவரை தண்ணீர் தோலில் பட வேண்டும். மேலே இன்னொரு தோல் இருந்தால் ஒளு சேராது. உரித்ததை மணலில் வைத்தால் உப்புப் பிடிக்கும். "கழட்டினாக் குளிரா, ஈரமா வைங்க," என்று சேர் சொல்லியிருந்தார். உப்பளத்தில் குளிராகவும் ஈரமாகவும் இருந்தது கொட்டில் மூலையில் நின்ற குடிதண்ணீர்ப் பானை மட்டும்தான்.

ஆக, தினமும் மத்தியானம் பானையின் வயிற்றைச் சுற்றித் தோல்கள். சிலதில் மயிர், சிலதில் செதில். எறும்புகள் வந்து நக்கிப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போயின. தொழுதுவிட்டுச் சாய்ந்து, இரண்டு மணிக்கு எழும்பி அவரவர் தோலைத் தேடி ஒட்டிக்கொள்வார்கள். ஒருநாள் அவசரத்தில் றிஸ்மியா எடுத்து ஒட்டியதில் சுருள்சுருளாக நரைமயிர் இருந்தது.

"ஜவ்பர் நானா! இது உங்கடயா?"

"ஓம். பரவால்ல, போட்டுட்டு இரு தங்கச்சி. உன்டது எனக்கு நல்ல அளவாயீக்கி."

அவள் வேலிப்பக்கம் ஓடிப்போய்ச் சத்தி எடுத்தாள்.

மாத முடிவில் சேர் சிரித்த முகத்தோடு வந்தார். "பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் உங்கட உடம்பு ஆகக் குளிரா இருக்கு. வெயில் ஏற ஏறக் குளிருது! இப்பிடி உடம்பை நான் பாத்ததே இல்லை. நாளையிலயிருந்து ஓய்வு தேவைப்படாது."

றிஸ்மியாவின் கண் மெல்ல மூலைக்குப் போனது.

"சேர், அது பானை."

"என்ன பானை?"

"ஒளு எடுக்கக் கழட்டி அந்தப் பானையிலதான் ஒட்டுற. நீங்க பாத்தது பானைட உடம்பு."

சேர் பானையைப் பார்த்தார். "நாடித் துடிப்பு..." என்று தொடங்கி நிறுத்தினார். நாடி பார்க்கும் வசதி அடுத்த மாடலில்தான் வருகிறது. "ரிப்போர்ட் கொழும்புக்குப் போயிட்டுது," என்றார், பானைக்குக் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல.

ஒரு மாதத்து அருவருப்பு மொத்தமும் றிஸ்மியாவின் தொண்டைக்கு ஏறியது. கையிலிருந்ததை உரித்தாள். தேங்கியிருந்தது சொட்டியது.

"ஜவ்பர் நானா, இதச் சேருக்குப் போட்டு உடுங்க. இப்ப உச்சிதானே, பாத்திக்க இறங்கி நிக்கட்டும்."

ஜவ்பர் மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுகிற பக்குவத்தோடு சேரின் சட்டைக் கையை மடித்து ஒட்டிவிட்டான். முழு உப்பளமும் பார்த்துக்கொண்டிருந்ததால் சேரும் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் போன் சிவந்து அலறியது. சேர் போனைப் பார்க்கவில்லை. தன் முழங்கையில் வழிந்த மஞ்சள் நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, அன்று காலை வாரிக் குவித்த வெள்ளை உப்பின்மேல் சத்தி எடுத்தார்.

"மனிசத் தோல்தானே சேர்," என்றான் ஜவ்பர் ஆறுதலாக.

அடுத்த நாள் சேரின் புது ரிப்போர்ட்டைப் பார்த்துக் கம்பனியின் உத்தரவு வந்தது. உச்சி வெயிலில் இந்தத் தோலின் பசை கெடுகிறது. ஆகவே பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை தோல்களை ஐஸ் பெட்டிக்குள் வைக்க வேண்டும். தோலில்லாமல் யாரும் வேலை செய்யக்கூடாது. ஓய்வு கிடைத்தது தோலுக்குத்தான். அதற்குத் துணையாக ஆட்களும் கொட்டிலுக்குள் இருந்துகொள்ளலாம்.

றிஸ்மியா பானையை மண் போட்டுத் தேய்த்து மூன்று தரம் கழுவினாள். அப்படியும் ஒருவரும் அதில் வாய்வைக்கவில்லை. இரண்டு மணிக்கு ஐஸ் பெட்டி திறந்தது. கையில் பட்ட குளிர், செத்தவரின் மையத்தைக் குளிப்பாட்டும்போது விரலில் ஏறுமே, அதே குளிர்.

"நானா, இது என்டதா?"

ஜவ்பர் குனிந்து வெளிச்சத்தில் பார்த்தான்.

"மயிர் இல்லாட்டி உன்ட."