சலோமி சொன்ன சாட்சி

கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகிற ரோட்டோரத்தில் தையல் மிஷின் போட்டிருந்தாள் சலோமி. ரவிக்கைக்கு அளவெடுக்கும்போதே, "ஏசப்பா உன்ன நல்லா வெச்சிருப்பாரு" என்பாள். "அது கெடக்கட்டும், வெள்ளிக்கெழமைக்குள்ள தச்சிக் குடுத்துடு" என்பார்கள் வந்தவர்கள். இதில் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது.

இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டுக்கு ரோடு மரத்தைச் சாய்த்து மறித்தார்களே, அந்த எண்பத்தேழாம் வருஷம். சலோமி கடைக்கு எதிரே நின்ற புளியமரமும் விழுந்தது. ரோடு திறந்து பஸ் ஓடத் தொடங்கியதும் போலீஸ் ஜீப்பும் ஓடத் தொடங்கியது. வெட்டியது யார் என்று ஊர் ஊராக விசாரணை. அதே ஊர்க் காசியம்மாளின் மகன் தங்கதுரையும் மறியலில் இருந்தவன்; அவன் மெல்லக் கல்வராயன் மலையேறி, வெள்ளிமலையில் கடுக்காய் வியாபாரம் செய்யும் சிநேகிதன் வீட்டில் ஒளிந்துகொண்டான்.

இந்த நேரம் பார்த்துத்தானா போதகர் சலோமியைக் கூப்பிட்டு, "வர்ற ஞாயிறு நீ சாட்சி சொல்லும்மா" என்று சொல்ல வேண்டும்! கடவுள் தனக்குச் செய்ததைச் சபை நடுவே எழுந்து நின்று சொல்வதைத்தான் கோயிலில் சாட்சி என்பார்கள். சலோமி அதுவரை நாலு பேர் முன்னால் எழுந்து பேசியதே இல்லை. பொத்தான் தைக்க வந்த விஜயலட்சுமியிடம் புலம்பினாள்.

"ஞாயித்துக்கெழம கள்ளக்குறிச்சி போயி சாட்சி சொல்லணும். கண்டதக் கண்டபடி சொல்லணுமே, நெனச்சாலே பயமா இருக்குது."

விஜயலட்சுமி பொத்தானை மறந்துவிட்டு ஓடினாள். பிறகென்ன, கண்ணுகளா, அரை மணி நேரத்தில் காசியம்மாள் வந்து நின்றாள்.

"ஏன்டி, சாட்சி சொல்லப்போறியாமே?"

"ஆமாக்கா. பயமாத்தான் இருக்குது."

"பயமா இருந்தா வுட்டுடேன்."

"எப்டிக்கா வுடறது? ஐயாவே கூப்ட்டுச் சொல்லிட்டாரு."

"மெரட்னாரா?"

"சேச்சே! காபி குடுத்து அன்பாத்தான் சொன்னாரு."

காசியம்மாளுக்குப் பகீரென்றது. அடிக்கிற போலீஸையாவது நம்பலாம், காபி கொடுக்கிற போலீஸை நம்ப முடியுமா?

"உனக்கு இன்னா வோணும் சொல்லு. ஒரு மூட்ட நெல்லு அனுப்பட்டா?"

சலோமிக்குக் கோபம் வந்துவிட்டது. "நெல்லக் குடுத்து வாய அடைக்கப் பாக்கிறியாக்கா? உசுரே போனாலும் சொல்லுவேன்!"

காசியம்மாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். "எம்புள்ள தங்கதுரை உனக்கு இன்னாடி பண்ணான்?"

அப்போதுதான் சலோமிக்கு விளங்கியது. "அய்யோ யக்கா! இது கோர்ட்டு சாட்சி இல்ல, கோயில் சாட்சி. சாமிக்குச் சொல்றது."

"சாமிக்கு எதுக்குடி சாட்சி? அவரு மேல இன்னா கேஸு?"

"நீயே வந்து கேளேன்."

"வரத்தான் போறேன். எம்புள்ள பேரு வாயில வந்துச்சு, உம் மிஷினு ஏரில கெடக்கும்."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசிப் பாயில் காசியம்மாள் உட்கார்ந்தாள். முன் வரிசையில் ஒரு மீசை. சாதாரண வேட்டி சட்டையில் இருந்தாலும் ஏட்டு சாமுவேலை அவளுக்குத் தெரியாதா? முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

சலோமி எழுந்தாள். மனப்பாடம் செய்து வைத்திருந்தது அத்தனையும் பறந்துவிட்டது. வாய்க்கு வந்தது மறியல் நாள்தான்.

"எங்க கடைக்கிட்ட ஒரு பஸ்ஸு நின்னுப்போச்சுங்க. புள்ளைங்க பசில கத்துதுங்க. வூட்ல அரிசி இருக்குது, எரிக்க ஒரு சுள்ளி இல்ல. மறியல் பண்றவங்க மேல எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஏசப்பா, நான் இன்னா பண்ணட்டும்னு கேட்டேன். கேட்டு வாய மூடல, அந்தக் கூட்டத்துலருந்தே ஒரு ஆளு கோடாலியோட வந்துச்சு. காஞ்ச கொம்பாப் பாத்துப் பொளந்து, அடுப்பு மூட்டி, எங்கூடவே நின்னு கஞ்சி காச்சி, பஸ்ஸுக்கே ஊத்துச்சு. கடைசில சட்டிய வழிச்சிதான் அது குடிச்சுது. எனக்கு இருந்த ஆத்திரமெல்லாம் போன எடம் தெரியல. அதாங்க என் சாட்சி."

"யாரும்மா அந்தத் தம்பி?" போதகர் ஆசையாகக் கேட்டார்.

சலோமி கடைசிப் பாயிலிருந்த காசியம்மாளைப் பார்த்தாள். "பேரு ஆண்டவருக்குத் தெரியுங்க ஐயா. அது போதும்."

காசியம்மாளுக்குப் போதவில்லை. வீட்டில் குடித்த சொம்பைக்கூட நகர்த்தி வைக்காத பிள்ளை, ஒரு பஸ்ஸுக்கே கஞ்சி ஊற்றியிருக்கிறான்! எந்தத் தாய் பொறுப்பாள்? எழுந்தே விட்டாள்.

"பேரில்லாதவனா அவன்? எம்புள்ள தங்கதுரைங்க!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள். ஏட்டு நிதானமாகத் திரும்பினார்.

"வெறகு பொளந்ததுக்கும் கஞ்சி காச்சினதுக்கும் எந்தச் சட்டத்துலயும் கேஸு கெடையாதும்மா. மத்தத யாரும் இங்க சொல்லல, நானும் கேக்கல. நாளைக்கு ஒண்ணுன்னா, கஞ்சி குடிச்ச பஸ்ஸே அவனுக்குச் சாட்சி" என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தார்.

ஆராதனை முடிந்ததும் காசியம்மாள் சலோமியோடு பஸ் நிலையத்துக்கு நடந்தாள். சின்னசேலம் பஸ் வந்து நின்றது.

"நீ போடி" என்றாள் சலோமியிடம். "நான் மல பஸ்ஸப் புடிக்கிறேன். அடுப்பு மூட்டத் தெரிஞ்சிக்கினே இத்தினி வருசம் என்ன ஏமாத்தினானே, அவன வூட்டுக்கு இட்டாந்து வெச்சிக்கிறேன் கச்சேரிய."