விளக்கு எரிந்தால் திறக்காதே

இருட்டறை வாசலில் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. மத்தியான வெயில் கடை முழுக்க விழுந்திருந்ததால் மருமகள் அதை முதலில் கவனிக்கவில்லை. கவனித்ததும் கையிலிருந்த ஜெராக்ஸ் தாள்கள் நழுவி விழுந்தன. அந்த பல்புக்குப் போகும் ஒயரை நேற்றுதான் அவளே வெட்டிப் போட்டிருந்தாள்.

"மாமா!"

மாமனார் நாற்காலியில் இருந்தபடியே திரும்பினார். ஒரு காலத்தில், இந்தக் கடை ஸ்டூடியோவாக இருந்தபோது, அதன் போட்டோகிராபர். இப்போது மருமகளின் ஜெராக்ஸ் கடையில், பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களிடம் 'தாடையைக் கொஞ்சம் இறக்குங்க' என்று சொல்வதோடு சரி.

"எரியுதா?" என்றார். குரலில் ஆச்சரியமே இல்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எப்பவாவது எரியும். எரியும்போது கதவைத் திறக்காதே. அவ்வளவுதான்."

"ஒயரே இல்லாம எரியுது மாமா. கரண்ட் ஆபீஸ்ல சொன்னா மாலை போடுவாங்க."

"சிரிக்காதம்மா. தானா அணையும்."

பல்பு அணைந்தது. உடனே எரிந்தது. மறுபடி அணைந்தது, எரிந்தது. ஒரே பொருளை இரண்டு பேர் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. பிறகு ஒரேயடியாக அணைந்துவிட்டது. மாமனார் அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இருட்டறையை இடித்துக் கடையைப் பெரிதாக்க வேண்டும் என்பது மருமகளின் திட்டம். மாமனாரின் அண்ணன், ஸ்டூடியோவை ஆரம்பித்த பெரியவர், வெளியூரிலிருந்து போனிலேயே கத்தினார்: "நான் வர்ற வரைக்கும் அந்தச் சுவர்ல யாரும் கை வைக்கக் கூடாது!" இன்று வருகிறார்.

"உள்ளே உங்க அண்ணி செத்தாங்கன்னு தெரியும். எப்படின்னுதான் இந்த வீட்டுல யாரும் வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க" என்றாள் மருமகள்.

மாமனார் சொல்லத் தொடங்கினார்.

நாற்பது வருடங்களுக்கு முன்பு ஸ்டூடியோவில் படம் எடுப்பது அண்ணன், தம்பி இருவரின் வேலை. பிலிம் கழுவுவதும் நெகட்டிவைத் திருத்துவதும் அண்ணி. பென்சில் முனையால் பருவையும் தழும்பையும் மறைத்துவிடுவார். ஊரில் பாதிப் பேருக்கு அழகு வந்தது அவர் கையால்தான். "உங்க அண்ணன் முகத்தைத்தான் தம்பி, எத்தனை தடவை திருத்தினாலும் சரியா வர மாட்டேங்குது" என்பார்.

இருட்டறைக் கதவு தானாக இறுக மூடாது. அண்ணி உள்ளே போய் சுவிட்சைப் போட்டால் வாசலில் பல்பு எரியும். வெளியே இருப்பவர் தாழ்ப்பாள் போட வேண்டும். வேலை முடிந்ததும் அண்ணி பல்பை அணைத்துவிட்டுக் கதவைத் தட்டுவார். ஒரு முறை, பல்பு எரிய, தட்டிய சத்தத்தை மட்டும் கேட்டுத் தம்பி திறந்துவிட்டார். வெளிச்சம் பட்டு, பிலிமில் இருந்த ஒரு கல்யாணமே கறுப்பாகிப் போனது. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒற்றுமையாக வந்து சண்டை போட்டார்கள். அன்றைக்கு அண்ணன் போட்ட சட்டம்தான்: விளக்கு எரிந்தால் திறக்காதே. கூரையே பற்றி எரிந்தாலும் திறக்காதே.

அண்ணிக்கு மூச்சிழுப்பு உண்டு. பிலிம் கழுவும் மருந்தின் வாடையை வெளியே தள்ளும் காற்றாடியை அன்று காலை அண்ணன் ரிப்பேருக்கென்று கழற்றிக்கொண்டு போயிருந்தார். மத்தியானம் தலைவலி என்று மாடியில் படுத்துவிட்டார்.

உள்ளேயிருந்து அண்ணி கதவைத் தட்டினார். பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"விளக்கை அணைங்க அண்ணி!"

அணைந்தது. தம்பி தாழ்ப்பாளில் கை வைப்பதற்குள் எரிந்தது. மறுபடி அணைந்தது, எரிந்தது.

"விளையாடாதீங்க அண்ணி. ஆளுங்க உட்கார்ந்திருக்காங்க" என்று அவர் சிரித்தார். உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள்.

தட்டும் சத்தம் குறைந்து நின்றது. பல்பு நிற்கவில்லை. அண்ணன் இறங்கி வந்து திறந்தபோது அண்ணி கதவடியில் கிடந்தார்.

சுவிட்ச் உள்ளேதான் இருக்கிறது, அணைக்காதது அவளேதான், சாக நினைத்தே போயிருக்கிறாள். குடும்பம் அப்படித்தான் முடிவு கட்டியது. மூன்றே மாதத்தில் அண்ணனுக்குப் புது மனைவி வந்தாள். தம்பி அந்த முடிவைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை காலம் தூங்கினார். அது பொய்யென்றால், கேட்டுக் கேட்டுச் செத்தவருக்குக் கதவைத் திறக்காதவர் அவர்.

மருமகளின் மனம் ஓரிடத்தில் சிக்கி நின்றது. நேற்று வெட்டும்போதே பார்த்திருந்தாள். ஒரு பல்புக்கு எதற்கு மாடிக்கு ஏறும் ஒயர்? அவள் மாடிக்கு ஓடினாள். அந்தக் காலத்தில் பெரியவர் படுத்த அறையில், கட்டில் தலைமாட்டில், எதையும் எரியவைக்காத ஒரு சுவிட்ச் உண்டு. அதைத் திருகிக் கழற்றினாள். அதே பழைய ஒயர், சுவருக்குள் கீழே இறங்கியது.

அவள் கீழே ஓடி வந்தாள்.

"மாமா, மாடிப்படி விளக்கைக் கீழே போட்டு மேலே அணைக்கிறோம்ல? இதுவும் அப்படித்தான். உள்ளே ஒரு சுவிட்ச், மேலே ஒண்ணு. உங்க அண்ணி அணைச்சிருக்காங்க. மேலேருந்து ஒருத்தர் போட்டுக்கிட்டே இருந்திருக்கார்."

அப்போது வாசலில் ஒரு கனத்த குரல் கேட்டது.

"டேய் தம்பி, இன்னும் சாகலையா நீ?"

"உன்னை அனுப்பிட்டுப் போகலாம்னு இருக்கேன்" என்றார் மாமனார். வழக்கமான பதில்தான். இன்று சிரிப்பு வரவில்லை.

"எங்கே, எந்தச் சுவரை இடிக்கப் போறா உன் மருமக?"

"காட்டறேன் வாங்க பெரிய மாமா" என்று அவள் டார்ச்சோடு இருட்டறைக்குள் நுழைந்தாள். "இதோ, இந்த ஒயர் எங்கே போகுதுன்னு நீங்களே சொல்லுங்க."

கதவு அறைந்து மூடியது. யாரும் தொடாமல் தாழ்ப்பாள் விழுந்தது. வாசலில் பல்பு எரிந்தது.

"மாமா! திறங்க மாமா!"

எப்போதோ தூக்கி எறிந்த மருந்துத் தொட்டிகளின் புளித்த வாடை கதவிடுக்கு வழியாகக் கசிந்தது. உள்ளே அவள் இருமினாள். "மூச்சு முட்டுது... மாமா..."

மாமனார் பாய்ந்தார். பெரியவர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விளக்கு எரியுதுடா. திறக்காதே."

மாமனாரின் கால்கள் நின்றுவிட்டன. நாற்பது வருடப் பழக்கம். பல்பு அணைந்தது, எரிந்தது, அணைந்தது, எரிந்தது. அப்போதுதான் பெரியவரின் இன்னொரு கையைப் பார்த்தார். அதன் கட்டைவிரல் வெறும் காற்றை அழுத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் பல்பு எரிந்தது. அதை நிறுத்தப் பெரியவராலேயே முடியவில்லை.

"அவ கழுவக் கூடாத ரோலைக் கழுவிட்டாடா" என்று முனகினார். "நானும் புதுசா வந்தவளும் இருந்த படம். ஊருக்கே காட்டுவேன்னு சொன்னா. நான் என்ன பண்ணட்டும்?"

மாமனார் அவரை உதறித் தள்ளினார். விளக்கு எரியும்போதே தாழ்ப்பாளை இழுத்தார். கதவு திறந்தது. மருமகள் தவழ்ந்து வெளியே வந்து தரையில் விழுந்தாள். மூச்சு இருந்தது. அவள் தலையைத் தடவிக் கொடுத்த மாமனார் கதவை மூடவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்தபடி, வழி விடுகிறவர்போல் ஓரமாக நகர்ந்து நின்றார்.

"மூடுடா!" பெரியவர் பின்வாங்கினார். "உன் மருமகதான் வந்துட்டாளே, மூடுடா!"

"இன்னும் ஒருத்தர் வரணும் அண்ணே."

புளித்த வாடை மாமனாரைக் கடந்து பெரியவர் பக்கம் போனது. பெரியவர் வாசற்படியில் இடறி, செருப்பைக் கூடப் போடாமல் தெருவில் இறங்கினார். அவரால் வேகமாக நடக்க முடியவில்லை. தெரு காலியாக இருந்தும் சுவரோரமாக, தோளைக் குறுக்கிக்கொண்டு நடந்தார். பக்கத்தில் ஒருவர் நடக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்.