செம்பா, காற்றா?

போலோஞ்ஞா வானியல் நிலையத்தில் வியாழக்கிழமைக் கூட்டம் என்றால் ஒருவர் அகப்படுவார், மற்றவர்கள் கொத்துவார்கள். அன்று அகப்பட்டவள் மிரெல்லா.

திரையில் அவள் கண்டுபிடித்த பள்ளம் தெரிந்தது. தொலைதூரத்து ராட்சதக் கருந்துளை ஒன்று, விழுங்கியது போக மிச்ச வாயுவைக் காற்றாக வெளியே வீசியடிக்கிறது என்றாள். அந்தக் காற்றிலுள்ள இரும்பு எக்ஸ் கதிர்களில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். விண்வெளித் தொலைநோக்கி அனுப்பிய தரவை வரைந்த கோட்டில் அந்த இடம் பள்ளமாகும். பள்ளம் எவ்வளவு வலப்பக்கம் தள்ளி விழுகிறதோ, காற்றுக்கு அவ்வளவு வேகம். மிரெல்லாவின் காற்று ஒளியின் வேகத்தில் ஏழில் ஒரு பங்கு. கட்டுரையை இதழுக்கு அனுப்பியும் விட்டாள்.

கடைசி வரிசையில் எத்தோரே தொண்டையைச் செருமினார். முன்பொருமுறை அவரும் இப்படியொரு காற்றைக் கண்டுபிடித்தவர்தான். அது வெறும் கருவிக் கோளாறு என்று பிறகு ஊரே சிரித்தது. சூடு கண்ட பூனை.

"பின்னணி வெளிச்சத்தைக் கழிக்கறதுக்கு வெத்து வானத்தை எங்கேர்ந்து எடுத்தே?"

"படத்தோட ஓரத்துலேர்ந்து. அங்கதான் வேற எதுவும் தெரியல."

"ஓரத்துல செம்பு இருக்கு. கருவிக்கு அடியில இருக்கற செம்பு ஓரத்துல மினுங்கும், நடுவுல மினுங்காது. ஓரத்தை எடுத்து நடுவுலேர்ந்து கழிச்சா, இல்லாத பள்ளம் விழத்தான் செய்யும். அதுவும் சரியா நீ காட்டற இடத்துல. அதைத் தோண்டினது கருந்துளை இல்லம்மா, நீதான்."

சபை சிரித்தது. மிரெல்லாவுக்குக் காதுவரை சுட்டது. ஆள் சொன்னது சரி என்பதுதான் அதைவிடக் கொடுமை.

மறுபடி, நடுவில் கருந்துளையை ஒட்டிய வெற்று வானத்தையே எடுத்துக் கணக்குப் போட்டாள். பள்ளம் பாதியாகச் சுருங்கியது, ஆனால் போகவில்லை. மிச்சப் பாதியை யார் நம்புவார்கள்? கட்டுரையைத் திரும்பப் பெற்றால், இனி அவள் சூரியன் கிழக்கே உதிக்கிறது என்றாலும் ஆதாரம் கேட்பார்கள்.

அந்த வாரம் அதே கருந்துளையின் பக்கம் வெளிச்சம் கூடிவிட்டதாகச் செய்தி வந்தது. மிரெல்லா நேரே காபி இயந்திரத்தடிக்குப் போனாள். நிலையமே அந்த நேரத்தில் அங்கேதான் நிற்கும்.

"இப்போ ரெண்டு மடங்கு பிரகாசமா எரியுது. வெளிச்சம் கூடினா காத்தை இன்னும் வேகமாத் தள்ளும், பள்ளம் வலப்பக்கம் நகரும். செம்புன்னா இருந்த இடத்துலயே கிடக்கும். தொலைநோக்கியை மறுபடி அந்தப் பக்கம் திருப்பச் சொல்லிக் கேட்டேன், அவங்களும் சரின்னுட்டாங்க. நகரலேன்னா கட்டுரையை வாபஸ் வாங்கிக்கறேன்."

"பார்க்கறதுக்கு முன்னாடியே சொல்றியா?" என்றார் எத்தோரே. "பார்த்துட்டு, அப்பவே தெரியும்னு சொல்றதுதானே நம்ம வழக்கம்."

"கணக்கை நீங்களே போடுங்க. நான் தொடமாட்டேன்."

எத்தோரேயின் கோப்பை பாதி வழியில் நின்றது. அவளுக்கு நல்லது நடக்கட்டும் என்று யாரோ ஜன்னலின் இரும்புக் கம்பியைத் தொட்டார்கள்.

தரவு வந்த அன்று எத்தோரே கதவைச் சாத்திக்கொண்டார். மதியம் உணவுக்கூடத்தில் மிரெல்லாவின் முன்னால் தொர்த்தெல்லினி சூப் ஆறி ஆடை கட்டியது. ஒரு கரண்டிகூட இறங்கவில்லை. அவர் வந்தார், உட்காரவில்லை.

"நடு வானத்தை எடுத்துக் கழிச்சேன். ஓரத்து வானத்தை எடுத்துக் கழிச்சேன். எதையும் கழிக்காமயும் போட்டுப் பார்த்தேன். அதைப் பொய்யாக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"நகர்ந்துதா, இல்லையா?"

"ஒளியோட வேகத்துல அஞ்சுல ஒரு பங்கு. செம்பு இருக்கற இடத்தைத் தாண்டிப் போய் ஜம்முனு உட்கார்ந்திருக்கு."

மிரெல்லா எழுந்த வேகத்தில் நாற்காலி சரிந்தது. அத்தனை பேர் முன்னாலும் அவரைக் கட்டிக்கொண்டு சத்தமாகச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நாலா பக்கமும் மேஜைகளைத் தட்டத் தொடங்கினார்கள்.

"விடு, மூச்சு முட்டுது," என்றார் எத்தோரே. "அடுத்த கூட்டத்துல இதை நான் பேசறேன். நம்பாதவன் எழுந்து சொன்னாத்தான் எல்லாரும் நம்புவாங்க."