மனுவோடு ஒட்ட ஒரு படம்

“கல்யாண போட்டோ ஒண்ணு வேணும் பிரியா. ரெண்டு பேரும் மாலையோட இருக்கணும். அது இல்லாம விவாகரத்து மனு போட முடியாது,” என்றார் வக்கீல் மைதிலி.

கிருஷ்ணப்பிரியாவிடம் ஆல்பம் கிடையாது. ஒன்பது வருடங்களுக்கு முன் திருவேற்காட்டில் அவளுக்கும் கிருபாகரனுக்கும் நடந்த கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. அவளுடைய போனை வாங்கித் தோழி வர்ஷாதான் நாலைந்து படம் எடுத்தாள்.

அந்த போன் அவள் இப்போது இருக்கும் ஐயப்பன்தாங்கல் வீட்டில், பீரோவின் அடித்தட்டில் கிடந்தது. சார்ஜரைச் செருகியிருந்தால் வேலை செய்தது, பிடுங்கினால் அணைந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேலரியைத் திறந்தாள்.

இருநூற்றுப் பதினாலு படங்கள். லென்ஸில் கீறல் விழுந்திருந்ததால் விளக்குகளெல்லாம் கோடாக இழுபட்டிருந்தன. முதல் வாடகை வீட்டின் காலி ஹால். புதுக் குக்கர். வாயைத் திறந்தபடி தூங்கும் கிருபாகரன். அதையே ஏழு தடவை எடுத்திருந்தாள். ஏழாவதில் அவன் விழித்துக்கொண்டு போனைப் பிடுங்க வர, கை மட்டும் பெரிதாக விழுந்திருந்தது. அன்று இருவரும் விழுந்து விழுந்து சிரித்தது ஞாபகம் இருந்தது. அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது என்பதுதான் பிடிபடவில்லை. யார் வீட்டுப் படங்களையோ பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகத் தள்ளினாள். வர்ஷா துணைக்கு வரட்டுமா என்று கேட்டபோது, அழுதுவிடுவோமோ என்று பயந்துதான் வேண்டாம் என்றிருந்தாள். அழுகை வரவில்லை. கால் மரத்தபோது மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

மாலையோடு இருந்த படங்களில் ஒன்றில்தான் இரண்டு முகமும் முழுதாக இருந்தது. அதைப் புது போனுக்கு மாற்றி எடுத்துக்கொண்டு, குமணன்சாவடியில் பாபுவின் ஸ்டூடியோவுக்குப் போனாள்.

“இன்னா மேடம், கல்யாண நாளா?” என்று கேட்டார் பாபு.

“ஆமா.” அப்படிச் சொல்வது சுலபமாக இருந்தது.

“பழைய போன்ல எடுத்ததா? மூஞ்சி கொஞ்சம் இருட்டா கீது, ஏத்திடறேன். அண்ணன் பாருங்க, கண்ண மூடிகினு கீறாரு. அதக்கூட தொறந்து வெச்சுடலாம், இப்ப எல்லாம் வந்துட்சு.”

“வேணாம். இருக்கறபடியே போடுங்க.”

“லேமினேஷன்?”

“அதுவும் வேணாம். பின்னாடி பசை தடவணும்.”

பாபு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு ஓரங்களை நேராக வெட்டி, கவரில் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் பூந்தமல்லியில் வக்கீல் அலுவலகத்துக்குக் கிருபாகரனும் ஒரு படத்தோடு வந்திருந்தான். அதே படம்தான். என்றோ அவள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பிரிண்ட் போட்டிருந்தான், முகங்கள் கலங்கியிருந்தன. மைதிலி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“பிரியாவோடது தெளிவா இருக்கு. இதையே ஒட்டிடறேன்.”

இருவரும் சம்மதித்துச் சேர்ந்து போடும் மனுவில், மைதிலி காட்டிய இடங்களில் கையெழுத்துப் போட்டார்கள். கோர்ட்டில் மனுவை ஏற்று நம்பர் போட்டபிறகு ஆறு மாதம் கழித்து ஒரு தேதி வரும், அன்றைக்கு இருவரும் கட்டாயம் வர வேண்டும் என்றார் மைதிலி.

படியிறங்கும்போது கிருபாகரன் கேட்டான். “எங்கிட்ட இந்த ஒண்ணுதான் இருக்கு. மத்ததெல்லாம் உன் பழைய போன்லதானே? முடிஞ்சா அனுப்பி வை.”

“சரி.”

“சாப்டியா?”

“ம்.” அவள் சாப்பிட்டிருக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவ்வளவையும் அனுப்பினாள், அவன் தூங்கும் ஏழு படங்களையும் சேர்த்து. எதையும் ஒதுக்கி வைக்கத் தோன்றவில்லை. போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. டிக்குகள் நீலமாயின. அவன் எதையோ டைப் செய்வதாகக் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. கடைசியில், “வந்துடுச்சு. தேங்க்ஸ்” என்று மட்டும் வந்தது.

‘ஓகே’ என்று அனுப்பிவிட்டு, காயப்போட்ட துணிகளை எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள்.