பங்கேற்பாளர் ஏழு

நெறியாளர் திருப்பிக் கொடுத்த ஆய்வேட்டில் சிவப்பு மை அதிகம் இல்லை. அதைப் பார்த்ததும் மூத்தவள் கடைசிப் பக்கம்வரை ஒருமுறை புரட்டினாள். மூன்றாம் ஆண்டு படிக்கிற பெண் எழுதியதில் குறை இருந்தால் பக்கமெல்லாம் சிவந்திருக்க வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் கோளாறு எழுத்தில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

"நல்லா எழுதியிருக்கே. குழுதான் ஒத்துக்கல," என்றார் நெறியாளர்.

"எந்தக் குழு மேடம்?"

"அறநெறிக் குழு. ஆய்வுல வர்ற ஆளுங்க யாருன்னு வெளிய தெரியக்கூடாதாம். பங்கேற்பாளர் ஒண்ணு, பங்கேற்பாளர் ரெண்டுன்னு எல்லாரையும் மாத்தச் சொல்றாங்க."

"நிஜப் பேரு ஒண்ணுகூட அதுல இல்லையே மேடம். எல்லாமே பட்டப்பேரு."

"பட்டப்பேரை வெச்சும் ஆளைப் புடிச்சிடலாமாம்."

"மேடம், ஆய்வே பட்டப்பேரைப் பத்தித்தான். பங்கேற்பாளர் மூணுக்குப் பங்கேற்பாளர் மூணுன்னு ஏன் பேரு வந்துச்சுன்னா எழுதுறது?"

நெறியாளர் சிரித்துவிட்டார். சிரித்தது தப்பென்று பட்டதோ என்னவோ, கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்தார். நல்ல மனுஷிதான். ஆனால் குழு என்று ஒன்று வந்துவிட்டால் நல்ல மனுஷர்கள் கண்ணாடி துடைப்பார்கள்.

வீட்டில் மூத்த பெண் என்பதால்தான் அவள் மூத்தவள். அவளுடைய அப்பா கோடவுனில் மூட்டை தூக்குகிறவர். சிமெண்டு, அரிசி, சர்க்கரை, எது வந்தாலும் லாரியிலிருந்து இறக்கி அடுக்க வேண்டும். அந்தச் சுமைக்காரர்களில் ஒருவரையும் அங்கே சொந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை. அந்தப் பட்டப்பெயர்களைத்தான் ஆறு மாதமாகச் சேகரித்து எழுதியிருந்தாள். துறையில் ஆண்டுக்கு ஒருமுறை மாணவர் ஆய்வரங்கம் நடக்கும். அதில் தேறுகிற ஒரே ஒரு ஆளை மேற்படிப்பில் நேரடியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த இடம் கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் அதே கோடவுன் அலுவலகத்தில் பில் போடுகிற வேலை. அப்பா மேஸ்திரியிடம் சொல்லி வைத்தாகிவிட்டது.

"ஒரு வழி இருக்கு," என்றார் நெறியாளர். "'இந்தப் பட்டப்பேரு என்னுதுதான், போட்டுக்கலாம்'னு ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒப்புதல் படிவத்துல எழுதி வாங்கிட்டு வா. வெள்ளிக்கிழமைக்குள்ள. முக்கியமா அந்த மூணாம் இயல். ஏழாவது ஆளு. அது இல்லேன்னா ஆய்வுல உப்பே இல்ல."

மூத்தவள் தலையாட்டினாள். ஏழாவது ஆள் அவளுடைய அப்பா. அதை நெறியாளரிடம் அவள் சொன்னதில்லை.

அப்பாவுக்குக் கோடவுனில் 'அந்தப்பக்கம்' என்று பெயர். சுமைக்காரர்கள் இரண்டு இரண்டு பேராக ஜோடி சேர்ந்துதான் மூட்டையைத் தூக்கித் தலையில் ஏற்றுவார்கள். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் அடுக்கு சரிந்தது. அடுக்குக்கு இந்தப் பக்கம் அப்பா நின்றிருந்தார். அந்தப் பக்கம் நின்ற ஜோடிக்காரர் சிமெண்டு மூட்டைகளுக்கு அடியில் போய்விட்டார். ஓடிவந்தவர்கள் என்ன கேட்டாலும் அப்பாவின் வாயில் "அந்தப்பக்கம், அந்தப்பக்கம்" என்பதைத் தவிர வேறெதுவும் வரவில்லையாம். முகம் கழுவிவிட்டு டீயைக் கையில் கொடுத்தபோதும் அதையேதான் சொன்னாராம். முதலாளி தரப்பில் ஜோடிக்காரர் உடம்பு சரியில்லாமல் செத்ததாக எழுதிக்கொண்டார்கள். சரிவு என்கிற சொல் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. அப்பாவின் பட்டப்பெயரில் மட்டும்தான் அது இருந்தது. மூன்றாம் இயலே அதுதான்.

இதை அப்பா அவளிடம் சொல்லவில்லை. அப்பாவோடு மூட்டை தூக்கும் பஞ்சு மாமா ஒருநாள் வாய் தவறி உளறியதிலிருந்து நூல் பிடித்து, மற்றவர்களைக் குடைந்து குடைந்து கேட்டாள். அவளுக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மதியம் ஒரு லாரி காலியாகி அடுத்தது வராத நேரமாகப் பார்த்துப் படிவங்களோடு போனாள். தலைச்சாக்கை விரித்து அதன்மேலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வேர்வையோடு சேர்ந்து காய்ந்த சிமெண்டு முகத்தில் பாளம் பாளமாக நின்றது, சிரித்தால் உதிர்ந்தது. அப்பா உள்ளே எடை மேடையில் இருந்தார். அதுவும் நல்லதுக்குத்தான்.

"வாம்மா ஆராய்ச்சி," என்றார் டாக்டர். யாருக்கு என்ன வலி என்றாலும் மடியிலிருந்து தைலத்தை எடுத்து நீட்டுவதால் டாக்டர்.

"எல்லார்கிட்டயும் ஒரு கையெழுத்து வேணும் மாமா."

"நம்ம கையெழுத்துக்கு இம்புட்டு மவுசா? டேய், கையைக் கழுவிட்டு வாங்கடா."

முதல் படிவத்தைப் பஞ்சு வாங்கினார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பஞ்சு மூட்டைதானே என்று அலட்சியமாகத் தோள் கொடுத்தவர். மழையில் நனைந்திருந்த மூட்டை ஆளையே தரையில் உட்கார வைத்துவிட்டது. அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "'பஞ்சு என்னும் பட்டப்பெயரால் நான் அழைக்கப்படுகிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.' ஏம்மா, இதை நானே சொல்லணுமா?"

"நீங்கதான் மாமா சொல்லணும்."

அவர் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு நாக்கை வெளியே துருத்திக்கொண்டு, பேனாவைக் கடப்பாறை மாதிரி பிடித்துக் கையெழுத்தை இறக்கினார். "போட்டாச்சு. நான்தான் பஞ்சு. போதுமா?"

அவ்வளவுதான். டீ கிளாஸ்கள் தரைக்கு வந்தன.

"சொல்லிட்டான்டா! தன் வாயாலயே சொல்லிட்டான்!"

"பஞ்சு காலி! அடுத்து என்ன வைக்கலாம்?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நாக்கை நீட்டினான் பாரு. பல்லி!"

மூத்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டப்பெயர் கோடவுனுக்குச் சொந்தமே தவிர ஆளுக்குச் சொந்தமில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவார்கள். கூப்பிடப்படுகிறவன் காதில் விழாத மாதிரி இருப்பான். என்றைக்கு அதைத் தன் வாயால் ஒப்புக்கொள்கிறானோ அன்றைக்கே அந்தப் பெயர் செத்தது. வேறு வைத்துவிடுவார்கள். இதை அவளிடம் ஒருத்தரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் இயலில் மேற்கோளும் அடிக்குறிப்புமாக அவளே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். எழுதிய கையோடு ஒப்புதல் படிவத்தையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"மாமா, புதுசு வைக்காதீங்க! நான் பழசைத்தான் எழுதியிருக்கேன்!"

யார் கேட்டார்கள்? பழைய பெயரிலிருந்து விடுதலை வாங்க இவ்வளவு சுலபமான வழி இருக்கிறது என்று தெரிந்ததும் எல்லோரும் எழுந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். வாசல் நிழலை வாடகைக்கு எடுத்தவர் மாதிரி அங்கே வேறு யாரையும் உட்காரவிடாத வாடகை, கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

"பத்திரமே பதிஞ்சிட்டான். இனிமே எதுக்கு வாடகை? இவன் சொந்தவீடு!"

டாக்டரைக் கம்பவுண்டராக இறக்கினார்கள். தைலத்தை இனி யாருக்கும் தரமாட்டேன் என்று அவர் கோபித்துக்கொண்டார். எதைக் கேட்டாலும் தள்ளிப்போடுகிற ஒருவருக்கு 'நாளைக்கு' என்று பெயர். அவர் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நாளைக்குப் போட்டுத் தர்றேன் பாப்பா," என்றார். அன்று பிழைத்தது அந்த ஒரு பெயர்தான்.

சத்தம் கேட்டு அப்பா வெளியே வந்தார். எல்லோரும் ஒரே சமயத்தில் டீ கிளாஸைத் தேடினார்கள். மூத்தவள் அடியிலிருந்த ஏழாவது படிவத்தை மற்றவற்றுக்கு நடுவில் செருகினாள்.

"என்ன கூத்து இது? லாரி வருது. நீ வீட்டுக்குப் போ," என்றார் அப்பா.

சாயங்காலம் அப்பா வழக்கம்போலச் சமையலறைக்கு வெளியே பாயில் குப்புறப் படுத்தார். அவர் முதுகை மிதித்துவிடுவது சின்ன வயதிலிருந்தே மூத்தவளின் வேலை. இப்போது கனம் கூடிவிட்டதால் ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பாதி எடையைக் கையில் தாங்கிக்கொண்டு மிதிப்பாள். முகத்தைப் பார்க்காமல் பேச அதைவிட நல்ல இடம் அந்த வீட்டில் இல்லை.

"அப்பா, உங்கிட்டயும் ஒரு கையெழுத்து வேணும்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"பஞ்சுப்பய உன்கிட்ட உளறினது. அன்னிக்கே என்கிட்ட வந்து அழுதுட்டான். கொஞ்சம் கீழ மிதி."

கீழே மிதித்தாள். ஆறு மாதம் பொத்திப் பொத்தி வைத்தது இப்படிப் புஸ்ஸென்று போனதில் அவளுக்கு எரிச்சலாக வந்தது. "தெரிஞ்சும் ஏன்ப்பா சொல்லல?"

"நீ கேக்கலியே."

"இப்போ கேக்கறேன். கையெழுத்து போடு. அந்த இயல் இல்லேன்னா எனக்கு இடம் கெடைக்காது."

"போட மாட்டேன்."

"வெக்கமா இருக்கா? உன்மேல தப்பே இல்லைனுதான் எழுதியிருக்கேன்."

"வெக்கமுமில்ல, மண்ணுமில்ல. நான் போட்டா என்ன ஆகும்? இன்னிக்கு நீயே பாத்தல்ல. மறுநாளே எனக்குக் கரடி, குரங்குன்னு எதையாவது வெச்சிடுவானுங்க. அந்தப் பேரு போயிடும்."

"போனா போகட்டுமே! நல்ல பேரா அது?"

"புதுசா ஒருத்தன் வேலைக்கு வந்தான்னா, 'அந்தாளை ஏன் அந்தப்பக்கம்னு கூப்பிடுறீங்க'ன்னு கேப்பான். அப்போதான் இவனுங்க என் ஜோடியைப் பத்திச் சொல்லுவானுங்க. இல்லேன்னா அவனைப் பத்தி எவன் பேசுறான்? அவன் பொண்டாட்டிகூட வேற ஊருக்குப் போயிட்டா."

"அதைத்தானேப்பா நான் எழுதி வெச்சிருக்கேன்! எழுதினா நிக்கும்."

"உன் புத்தகத்தை எத்தனை பேர் படிப்பான்?"

உண்மையைச் சொன்னால் மூன்று பேர். அதிலும் ஒருத்தர் அடிக்குறிப்பை மட்டும்தான் பார்ப்பார். கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு முழு எடையையும் இறக்கினாள்.

"ஏய்! மெதுவாடி! கொன்னுடாத."

"செத்துப்போனவருக்காகப் பார்க்கறே. உசுரோட இருக்கற எனக்காகப் பார்க்க மாட்டியா?"

அப்பா பாயில் கன்னத்தை மாற்றி வைத்துக்கொண்டார். "பில் போடுற வேலை இருக்குல்ல? சோத்துக்கு என்ன குறைச்சல்?" என்றார். அதற்குமேல் அவரிடம் பேச்சு எடுபடாது. கீழே இறங்கி, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, சமையலறைக் கதவை அறைந்து சாத்தினாள்.

பெயரை மட்டும் எடுத்துவிட்டு இயலை வைத்துக்கொள்ள முடியுமா என்று நெறியாளரைக் கேட்டாள். அவரும் குழுவிடம் கேட்டுப் பார்த்தார். 'பங்கேற்பாளர் ஏழின் ஜோடி அடுக்கு சரிந்து இறந்தார்' என்று எழுதினால், அதற்கு என்ன ஆதாரம் என்றார்கள். ஆதாரமே பட்டப்பெயர்தான் என்றாள். பட்டப்பெயரைப் போடத்தான் அனுமதி இல்லையே என்றார்கள். அப்படியானால் அது முதலாளிமேல் சும்மா சொல்கிற பழி, எடுத்துவிடு என்றார்கள். சுற்றிச் சுற்றி வந்து சுவரில் முட்டிக்கொள்கிற கதை. மூன்றாம் இயலை உருவிவிட்டு, நான்கை மூன்றாக்கி, ஐந்தை நான்காக்கி, வெள்ளிக்கிழமை கொடுத்தாள்.

அரங்கில் அவளுடைய முறை வந்தபோது மின்விசிறிக்கு நேர் கீழே நின்று வாசித்தாள். தாள்கள் பறக்காமல் ஒரு கையால் அழுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. பஞ்சு, வாடகை, டாக்டர் எல்லாவற்றுக்கும் சிரித்தார்கள். முடித்ததும், நடுவராக உட்கார்ந்திருந்த அறநெறிக் குழுத் தலைவர் மூக்கைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

"இந்தப் பேரெல்லாம் இப்போ புழக்கத்துல இருக்காம்மா?"

"இல்ல சார். போன வாரத்தோட போச்சு."

"ஏன்?"

"நீங்க கேட்ட கையெழுத்தை வாங்கினதால சார்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "அப்போ உசுரோட ஒரு பேருகூட இல்லையா?"

"ரெண்டு இருக்கு சார். ஒருத்தர் நாளைக்குக் கையெழுத்து போடறேன்னு சொல்லிட்டிருக்கார். இன்னொருத்தர் போட மாட்டேன்னுட்டார்."

"ஏன் போட மாட்டாராம்?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் அரங்கமே வாயடைத்து உட்கார்ந்துவிடும், இடமும் கிடைத்துவிடும். அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பறக்கப் பார்த்த தாள்களை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

"காரணம் சொல்ல அவர் ஒப்புதல் தரல சார்."

"சொல்ல முடியாததை எதுக்கும்மா குறிப்பிடணும்?" என்று தலைவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். நெறியாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

பழைய நாடக மேடைகளின் திரைச்சீலை நிறங்களைப் பற்றி எழுதிய பையனுக்கு இடம் போனது. நன்றாகத்தான் எழுதியிருந்தான். திரைச்சீலையிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் நேராகக் கோடவுனுக்கு நடந்தாள். லாரிக்கு முன்னால் நின்று தலைச்சாக்கை உதறிக்கொண்டிருந்த அப்பா, அவள் வருவதைப் பார்த்துத் தள்ளி வந்தார்.

"கெடைச்சுதா?"

"இல்ல."

சாக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "நான் போட்டுக் குடுத்திருந்தா கெடைச்சிருக்குமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த மனுஷன் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அவளுக்கு அன்றைக்கு அந்தத் தயவு தாட்சண்யம் எதுவும் மிச்சமில்லை.

"கெடைச்சிருக்கும்ப்பா."

அப்பா தலையாட்டினார். "என்மேல கோவமா?"

"ஆமா."

"சரி. இருக்கட்டும்."

அவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு லாரியைப் பார்த்து நடந்தார். மூத்தவள் அலுவலகப் படியேறிப்போய், பில் போடுகிற வேலைக்குக் காலையில் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று மேஸ்திரியிடம் கேட்டாள்.