இரண்டு தலை, ஒரு வயிறு

இப்போதெல்லாம் எவனும் படத்தைப் பார்ப்பதில்லை. யார் வலப்பக்கம், யார் இடப்பக்கம் என்று பார்க்கிறான்; பார்த்ததும் கல்லை எடுக்கிறான்.

என் மருமகன் மரக்கட்டையில் படம் செதுக்குகிறவன். மை தடவித் தாளில் அழுத்தி எடுப்பது என் வேலை. ஆளுங்கட்சிக்காரர்களும் ஊர் மடத்துக் குருவின் ஆட்களும் தெருவில் வெட்டிக்கொண்டு, கடைகள் எரிந்துகொண்டிருந்தபோது அவன் ஒரு மாடு செதுக்கினான். இரண்டு தலை. ஒன்றில் கிரீடம், மற்றதில் குருவின் தொப்பி. தலைகள் முட்டிக்கொள்கின்றன, வயிறு ஒன்றுதான். காலடியில் மேய்ந்து மொட்டையான வயல். பெயர் போடாமல் சுவர்களில் ஒட்டினோம்.

வயிற்றைப் பற்றி ஒருத்தன் மூச்சுவிடவில்லை. “எங்க குரு இடப்பக்கமா?” என்று கொதித்தார்கள். சந்தேகத்தில் போலீஸ்காரர்கள் மருமகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

கட்டையில் குரு வலப்பக்கம்தான். அச்சில் இடவலம் மாறும். திருப்பிச் செதுக்க வேண்டியதை அவசரத்தில் மறந்திருக்கிறான், மடையன்.

கட்டையைத் துணியில் சுற்றினேன். மகள் கையைப் பிடித்தாள்.

“அப்பா, அதை அடுப்புல போடுங்க.”

“போடி பைத்தியக்காரி. உன் புருஷனுக்கு இருக்கிற ஒரே சாட்சி இது.”

“ஒரு தடவையாவது நான் சொல்றதைக் கேளுங்கப்பா!”

“கேட்டுத்தான் இந்த மாப்பிள்ளை வாய்ச்சான்.”

ஸ்டேஷனில் அதிகாரியின் மேஜைமேல் கட்டையை வைத்தேன். “பாருங்கய்யா, குரு வலப்பக்கம். மரத்துல தப்பே இல்ல. தாள்லதான் திரும்பிடுச்சு.”

அவர் கட்டையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “வீடு பூரா தேடினோமே பெரியவரே. எங்க இருந்துச்சு?”

“விறகோட விறகா.”

கம்பிக்குப் பின்னால் மருமகன் எழுந்து நின்றான். உதடு கிழிந்திருந்தது. “மாமா… எடுத்துட்டா வந்தீங்க? அடிக்க அடிக்க, நான் செதுக்கலைன்னே சொல்லிட்டு இருந்தேனே மாமா.”

கட்டையைப் பிடுங்கப் போனேன். அதிகாரி அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

“ஐயா, அது நான் செதுக்கினது. அவனை விட்டுடுங்க.”

“இந்த நடுங்குற கையிலயா?” சிரித்தார். “நல்ல மனுஷன் நீங்க. வீட்டுக்குப் போங்க. உண்மை தெரிஞ்சாச்சு, நாளைக்கு அனுப்பிடுறோம்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

இந்தக் கலவரம் முழுக்க இரண்டு பக்கத்தாரும் செய்தது பொய்ச் சத்தியம்தான். மருமகன் மறுபடியும் “மாமா” என்றான். திரும்பிப் பார்க்க முகமில்லை. வாசலைத் தாண்டி நடந்தேன். நாளைக்காம். எவன் நம்புவான்?