குதிரை வயிற்றில் ஒரு பரு

இந்தக் காலத்து மனுஷர்களின் போக்கு பெரியவருக்குப் பிடிபடவே இல்லை. நல்ல சட்டையைக் குப்பையில் போடுகிறார்கள். அதிலிருந்து உதிர்ந்த பட்டனை வெல்வெட்டில் படுக்க வைத்துக் கண்ணாடி போட்டு மூடுகிறார்கள். பெற்றவள் பிறந்த வருஷம் தெரியாது. எவனோ செத்துப்போன சிப்பாயின் பட்டன் எந்த வருஷத்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். சட்டை இல்லாமல் பட்டனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தொப்புளிலா தைத்துக்கொள்வது?

பஸ்ஸில் வழியெல்லாம் இதே பாட்டுத்தான். பக்கத்தில் மகள் ஜன்னலைப் பார்த்தபடி "ம்" கொட்டிக்கொண்டு வந்தாள். பழைய துணிகளைப் பிரித்துத் திருத்தித் தரும் கடையில் அவளுக்கு வேலை. புருஷன் போய் ஆறு வருஷம் ஆகிறது. பழைய ராணுவக் கோட்டுப் பட்டன் ஏதாவது கிடைக்குமா என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் ஒருநாள் அந்தக் கடைக்கு வந்தார். மறுவாரமும் வந்தார். பதினோரு மாதமாக வந்துகொண்டிருக்கிறார்.

"இதுவரைக்கும் ராணுவக் கோட்டு எத்தனை வந்துச்சு?"

"ரெண்டுப்பா."

"ரெண்டு கோட்டுக்குப் பதினோரு மாசம். ம்."

இப்போது மகளைக் கட்டிக்கொள்ள அந்த மூக்குக்கண்ணாடிக்காரர் கேட்கிறார். "நீங்க வந்து ஒரு தடவை பாருங்கப்பா. வேண்டாம்னா நானும் வேண்டாம்னு சொல்லிடறேன்" என்று மகள் சொல்லிவிட்டாள். மூன்று வருஷத்துக்கு முன் வேறொருவர் கேட்டபோதும் இதைத்தான் சொன்னாள். பெரியவர் வேண்டாம் என்றார். அவளும் சரி என்றாள். அதோடு அவள் வீட்டில் சிரிப்பதும் குறைந்துபோயிற்று. பெரியவரைக் குறை சொல்லியும் பயனில்லை. செத்துப்போன மருமகனைக் கல்யாணத்துக்கு முன் பார்த்து "தங்கமான பையன்" என்று ஊரெல்லாம் சொன்னவர் அவர்தான். அந்தத் தங்கத்திடம் ஒரு தப்பைச் சுட்டிக்காட்டினால் சாப்பாட்டுத் தட்டு பறக்கும். அன்றிலிருந்து அவர் எந்த ஆளையும் நம்புவதில்லை, தன் கண்ணையும்தான்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலேயே அவர் வீடு. சுவர் நீளத்துக்கு, லென்ஸ் வைக்கிற தட்டை இழுப்பறைகள். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி தொங்கியது. மூவருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார். பெரியவர் அதைத் தொடவில்லை.

"ஐயா இதைப் பார்க்கணும்" என்று கடைக்காரர் மேல் இழுப்பறையை இழுத்தார். வரிசை வரிசையாகப் பட்டன்கள். ஒவ்வொன்றின் கீழும் பொடி எழுத்தில் ஒரு சீட்டு. நடுவில் மட்டும் ஒற்றைப் பித்தளைப் பட்டன், ராஜா மாதிரி. அதில் முன்னங்கால் தூக்கிய குதிரை.

"குதிரைப்படைப் பட்டன் நிறையப் பேர்கிட்ட இருக்குங்க. இது அதைவிட நூலளவு சின்னது. வயித்துக்குக் கீழ ஒரு புள்ளி இருக்கு பாருங்க. ரெண்டாம் அணிக்கு மட்டும் போட்ட அடையாளம். பட்டன் சேர்க்கறவங்களுக்குன்னு இருக்கற எங்க சங்கத்துப் பத்திரிகையில நாலு பக்கம் எழுதினேன்."

பெரியவர் குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை.

நாற்பது வருஷம் பித்தளை வார்த்தவர் அவர். குழாய், தாழ்ப்பாள், கைப்பிடி. ஒரு சமயம் ஊர்வலங்களில் வாசிக்கும் பேண்டுக்காரர் ஒருவர் பழைய குதிரைப் பட்டன் ஒன்றைக் கொண்டுவந்து, இதேபோல் இருநூறு வேண்டும் என்றார். அதை மண்ணில் அமுக்கி முதல் பட்டனை வார்த்தபோது ஒரு துளி மண் உதிர்ந்து, குதிரையின் வயிற்றில் பரு மாதிரிப் புடைத்துவிட்டது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று அதையே மாதிரியாக வைத்து இருநூறையும் வார்த்துத் தள்ளினார்.

காலையிலிருந்து ஒரு குற்றம் தேடிக்கொண்டிருந்தவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"இது நான் செஞ்சது" என்றார்.

"அப்பா" என்றாள் மகள், மெதுவாக.

கடைக்காரர் முகம் மாறியது. "மன்னிக்கணுங்கய்யா. நீங்க சொல்றதை மட்டும் வெச்சு நான் ஒத்துக்க முடியாது."

வந்ததிலிருந்து இந்த ஆள் சொன்ன முதல் புத்தியுள்ள பேச்சு இதுதான் என்று பட்டது பெரியவருக்கு.

"ஒத்துக்க வேணாம். திருப்பிப் பாருங்க. நூல் கோக்கற காதுகிட்ட, பத்தவெச்ச ஈயம் எந்தப் பக்கம் வழிஞ்சிருக்கு?"

"இடது பக்கம்."

"அரம் போட்ட கோடு?"

பூதக்கண்ணாடி பட்டன் மேலேயே நின்றது. "வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமா சாயுது."

"நான் இடதுகைக்காரன். பித்தளை ஆறினா சுருங்கும். பட்டனைப் பார்த்துப் பட்டன் வார்த்தா சின்னதாத்தான் வரும். அதான் உங்க ரெண்டாம் அணி. அந்தப் புள்ளி, மண்ணு உதிர்ந்த பரு. பேண்டுக்காரரு பார்த்துட்டு, குதிரை முழுகாம இருக்கான்னு கேட்டாரு."

பெரியவர் தட்டு பறக்கக் காத்திருந்தார். மகளின் விரல்கள் நாற்காலி முதுகை இறுக்கிப் பிடித்திருந்ததையும் பார்த்தார். கட்டிக்கொள்ளக் கேட்ட பெண்ணின் எதிரிலேயே சாயம் வெளுத்துவிட்டது; இப்போதுதானே ஆளின் உள்ளே இருப்பது வெளியே வரும்.

கடைக்காரர் பட்டனைக் கீழே வைத்தார். காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன.

"அப்ப நாலு பக்கமும் தப்பு" என்றார். "என் பேச்சைக் கேட்டு இன்னும் நாலு பேர் இதே பட்டனைத் தேடிப் பிடிச்சு வெச்சிருக்காங்க. இன்னிக்கே எழுதிப் போடணும்." பிறகு தலையைத் தூக்கி, "குதிரை என்னவா இருக்குன்னாரு?"

"முழுகாம."

மகளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தே விட்டாள். கடைக்காரரும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

சிரித்து முடித்ததும் பழைய சீட்டை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினார்: 'பேண்டு பட்டன். மண் வார்ப்பு.' எழுதியவர் நிறுத்தி, "ஐயா பேரு?"

"பேரெல்லாம் எதுக்கு? நாளைக்கு எவனாவது கள்ளப் பட்டன்னு கேஸ் போட்டா நானா அலையறது?"

'செய்தவர்: இடதுகைக்காரர்' என்று எழுதி, பட்டனைப் பழையபடி நடுவிலேயே வைத்தார் கடைக்காரர்.

"டூப்பை எதுக்கு மறுபடி நடுவுல வைக்கிறீங்க?"

"மத்ததெல்லாம் யார் கையில பிறந்துச்சுன்னு தெரியாதுங்க. இது ஒண்ணுக்குத்தான் செஞ்சவரே வந்து சொல்லியிருக்காரு."

இது நைச்சியமா, நிஜமா? பெரியவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏமாந்தவனுக்குக் கோபம் வர வேண்டாமா? வராத ஆளை எப்படி நம்புவது? எழுந்து செருப்பைத் தேடினார். மகள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு பையை எடுத்தாள்.

"நீ எதுக்கு எழுந்திருக்கற? டீயைக் குடிச்சுட்டு நிதானமா வா."

"அப்பா, அப்படின்னா..."

"அப்படியுமில்ல இப்படியுமில்ல. எனக்கு இன்னும் நம்பிக்கை வரல. ஆனா வேண்டாம்னு நான் சொன்னேனா? சொல்லல இல்ல?"

படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கினார். கைப்பிடி லொடலொடவென்று ஆடியது. இதைக்கூடச் சரி பண்ணத் துப்பில்லாத ஆள். மாடியில் மறுபடி மகளின் சிரிப்பு கேட்டது. நாலு பேருக்கு எழுதிப் போடப் போகிறானாம். போடட்டும், முதலில் போடட்டும், பார்க்கலாம் என்று முணுமுணுத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.